ஹாஜியார் சொல்லித் தந்த விசுவாசப் பிரமாணம்

கல்முனை பஸாரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில் எட்டு வருடமாக நிற்கிறேன். ஊர் பாண்டிருப்பு. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா வேளாண்மைக்காரர், வருடா வருடம் தீமிதிப்புக்கு விரதம் பிடிப்பவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் கிறிஸ்தவ வேதம் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு பெண். மறைக்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். பிரேக் கேபிள் வாங்கக் கடைக்கு வந்தவள். அந்தக் கேபிளை மூன்று தரம் தவறாகப் பூட்டினேன், அவள் திரும்பத் திரும்ப வந்தாள்.

கல்யாணம் தேவாலயத்தில்தான் என்று சொல்லிவிட்டாள். சரி, ஞானஸ்நானம் எடுத்தால் போயிற்று என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்காகப் பொய் சொல்லி எடுக்க வேணாம். மனசில இல்லாதத வாயால சொன்னீங்கண்டா, அதோட நம்மட கதை முடிஞ்சிது."

ஆகவே சனிக்கிழமை தோறும் போதகரிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது இளையவர், பொறுமைசாலி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று விளக்க ஒரு மணித்தியாலம் எடுத்துக்கொள்ள ஆயத்தமாக வந்திருந்தார். நான் ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிட்டேன். எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்ள வேண்டாம், போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

எனக்கு மெய்யாகவே பிடித்தது கிருபை. கடவுளின் மகன் மனிதனாகப் பிறந்து, நம்முடைய பாவத்துக்காகச் சிலுவையில் மரித்தார். மன்னிப்பு நம் கெட்டித்தனத்தால் கிடைப்பதில்லை, சும்மா தரப்படுவது என்றார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். இதைவிட நல்ல செய்தி எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பிறகு விசுவாசப் பிரமாணம். கிறிஸ்தவர்கள் நம்புவதையெல்லாம் சுருக்கிச் சொல்லும் சில வரிகள் அவை. ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்வார்கள். அதைப் பாடமாக்கிக்கொண்டு வரச் சொன்னார் போதகர். தாளைக் கடை மேசையில் பில் புத்தகத்துக்குக் கீழே செருகி வைத்து முணுமுணுத்தேன். மூன்றாம் நாள் முதலாளி பிடித்துவிட்டார்.

முதலாளி மருதமுனைக்காரர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். ஹாஜியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஏசப் போகிறார் என்று பயந்தேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொல்லு பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் எனக்குப் பாடம். நான் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார். வானத்தையும் பூமியையும் படைத்தவன் என்றால் ஓம், சரிதான் என்பார். கன்னி மர்யமிடம் பிறந்தார், வானத்துக்கு உயர்த்தப்பட்டார், திரும்பி வருவார், எல்லாவற்றுக்கும் ஓம்தான். ஆனால் கடவுளின் மகன் என்ற இடத்திலும், சிலுவையில் மரித்தார் என்ற இடத்திலும் வாயைத் திறக்க மாட்டார். அது உங்கட, நீயே சொல்லு என்று ஸ்பேனரால் மேசையில் தட்டுவார்.

உயிரிழந்தவர்கள் உடலோடு எழும்புவார்கள் என்ற வரியைத்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சொல்வார். அவருடைய தங்கையைச் சுனாமி கொண்டுபோனது என்று பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார். ஹாஜியார் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை.

போதகர் முன்னால் ஒப்புவித்த அன்று நான் இரண்டு இடத்தில் தடக்கி நின்றேன். மகன் என்ற இடம், சிலுவை என்ற இடம். கிறிஸ்தவத்துக்கே நடுத்தூணான இரண்டையும் விட்டுவிட்டு மிச்சத்தை மணி மணியாகச் சொல்கிறான், யார் இவனுக்குப் படிப்பித்தது என்று போதகர் திகைத்துப் போனார். காரணத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடிந்து, கடைசியில் வரும், உடலோடு எழும்புவார்கள் என்ற வரியை மட்டும் ஏன் ஓடிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது சுனாமி வந்தது. அன்று காலை அம்மா கடற்கரைப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். சித்தியின் உடலை எடுத்தார்கள். அம்மாவை எடுக்கவில்லை, இன்றுவரை. எந்த உடல் எழும்பும், எங்கேயிருந்து எழும்பும்? மற்ற வரியெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் மெய்யாகச் சொல்ல முடியாது என்றேன். போதகர் தாளை மடித்து என்னிடமே தந்தார். சொல்ல முடிகிற அன்றைக்கு வாருங்கள், ஞானஸ்நானம் அதுவரைக்கும் நிற்கட்டும் என்றார். ஞானஸ்நானம் நின்றால் கல்யாணமும் நிற்கும். அவளிடம் சொன்னேன். அழுதாள், ஆனாலும் பொய் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவைத் தேடி வயலுக்குப் போனேன். வாய்க்காலில் அடைத்திருந்த சல்வீனியாக் களையை வாரி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் இறங்கி வாரினேன். கல்யாணம் என்ன மாதிரி என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அம்மாவின் கதை எடுப்பதில்லை, எடுத்தது அன்றுதான்.

"செத்த ஆக்கள் உடம்போட எழும்புவாங்க எண்டு அவங்கட வேதத்தில இரிக்கி அப்பா."

"கடல் கொண்டுபோன ஆக்களுமா?"

"ஓம். எல்லாரும்."

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், கரையேறிப் போய்விடுவார் என்று நினைத்தேன். தலையைத் தடவிக்கொண்டார். முழுக்க நரைத்த தலை.

"அவளுக்கு அப்ப இருவத்தெட்டு வயசு. எழும்பி வந்தா, இந்தக் கிழவன அவளுக்குத் தெரியுமா மனே?"

"ஓம் அப்பா. தெரியும்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அப்பாவைத் தேற்றுவதற்காகச் சொன்னேனா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். நம்பித்தான் சொல்லியிருந்தேன். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் குனிந்து வாரத் தொடங்கினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் அந்த வரியைச் சொன்னேன். மெய்யாகச் சொன்னது அது இரண்டாம் தரம்.