“போயிட்டாங்க” என்று தம்பி சொன்னது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி மலேசியா போனவள், அங்கேயே இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் இறந்தபின் பொழுது போகாமல் ஊர்ச் சங்கதிகளைத் தாளில் எழுதினேன். மகள் அதை டைப் செய்து புத்தகமாகப் போட்டாள். தருமபுரிப் பக்கம் சிலர் வாங்கிப் படித்துவிட்டு, ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். நாலு பேருக்கு எதிரில் எனக்கு வாய் வராது. பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்றதால் வந்தேன்.

பாப்பாரப்பட்டியில் தம்பி வீட்டில் தங்கினேன். பழைய சினேகிதிகள் இரண்டு பேரைப் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் இறந்ததிலிருந்தே அப்படித்தான். ஊசி போட்ட இடம் மரத்துக் கிடக்குமே, அது மாதிரி.

இந்த இடத்தில் மூன்றாவது சினேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள். கடலைக்காட்டில் என் பக்கத்துச் சாலில் களை எடுத்தவள். சில வருஷத்துக்கு முன் போனில் தம்பியிடம் அவளைப் பற்றிக் கேட்டேன்.

“அவங்க போயிட்டாங்கக்கா.”

“ஐயோ, எப்படா?”

“போன மாசம். ரொம்ப முடியாம இருந்துது. எத்தன நாளைக்குத்தான் ஒண்டியா கெடப்பாங்க? இனிமே நிம்மதி.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவுச் சேதி கேட்டால் எங்கள் வழக்கம் அது. பிறகு புத்தகத்தில் அவள் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். டைப் செய்த மகள், “நீ அழுதேன்னு ஒரு வரி போடவாம்மா? இல்லன்னா மொட்டையா இருக்கு” என்றாள். போடு என்றேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. சால்வை போட்டார்கள். சந்தை நாள் என்பதால் ஆள் குறைவு. எனக்கு அதுவே நல்லதாக இருந்தது. மேசையில் குனிந்தபடி ஒவ்வொரு புத்தகமாகக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த புத்தகம் வந்தது.

“யார் பேருக்குங்க எழுதட்டும்?” என்றேன்.

“செத்துப்போனவளுக்குன்னு எழுதுடி.”

நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். மூக்குத்தி அதே பக்கம். முட்டிக்குத் தடி வைத்திருந்தாள்.

“ஓசூர்லருந்து பாலக்கோட்டுல பஸ் மாறி வர்றேன். பேய்க்கும் டிக்கெட் வாங்கறாண்டி கண்டக்டரு” என்றாள். அறை முழுக்கச் சிரித்தார்கள்.

தம்பி ஓடி வந்தான். அவன் என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததோடு சரி. “மவன் வூட்டுக்குப் போயிட்டாங்கன்னுதானக்கா சொன்னேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

வரிசையில் நின்ற ஒரு அம்மா, “வுடுங்க, இப்பிடிப் பேச்சு வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க” என்றது.

“இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எனக்கு ஆயுசு வேற கூடணுமா?” என்றாள் அவள்.

நாற்காலி கொண்டுவந்து அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது அவள் சிரிக்கவில்லை. தணிந்த குரலில் கேட்டாள்.

“சேதி கேட்டு இன்னா பண்ண?”

“தல முழுவுனேன்.”

“தலமுழுவிட்டியா என்னய?” என்றாள். உறவை அறுத்துக்கொள்வதற்கும் அதே பேச்சுத்தான். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள். “இதுல அழுதேன்னு இருக்குதே. அழுதியா?”

அதைக் கேட்கத்தான் அவள் அந்த முட்டியோடு இரண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்ல” என்றேன். “அவரு செத்ததுக்கும் அழுவல.”

அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். என்ன பார்த்தாளோ. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிகிறது, கை எழவில்லை. உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள், சந்தோஷம்கூட வரவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“சரி, இங்க பாரு” என்றாள். “நான் செத்தத மட்டும் அடி. நீ அழுதத வுட்டுடு.”

“அது நெசம் இல்லியே.”

“மெதுவா அழுவலாம். நான் இன்னும் இருக்கறனில்ல?”

இறந்துவிட்டாள் என்ற வரியை அடித்தேன். கோடு கோணலாகப் போனது. அடியில் கையெழுத்துப் போட்டேன். அவள் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்குத் தம்பி அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டான். நான் மிச்சப் புத்தகங்களுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

நான் மலேசியா திரும்பி வந்தபின் அவள் இரண்டு முறை போன் செய்தாள். முதல் வார்த்தை, “அழுதியா?” இன்னும் இல்லை என்கிறேன். சரி, அப்பறம் பண்றேன் என்று வைத்துவிடுகிறாள்.

புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். அவள் சொன்னபடி ஒரு வரியை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் வேறு சிலரையும் இறந்துபோனதாக எழுதியிருக்கிறேன். சித்தேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் ஒருத்தி, கம்பைநல்லூரில் புளி வியாபாரம் செய்தவர் ஒருவர். அவர்கள் சேதியும் போனில் கேட்டதுதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவர்கள் வீட்டில் விசாரித்து, இறந்தார்களா, இல்லை வேறு ஊருக்குப் போனார்களா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சொன்னால் நல்லது.