சாப்பாட்டுப் பெட்டிக்குக் காவல்

அலீடா போஸ்ட்மாவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை. வண்டியில் எவனாவது வாலாட்டினால் அவள் திரும்பக்கூட மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பையன் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவான். ஆப்பிள் தோட்டம், தீயணைப்பு நிலையம், மிருகக்காட்சி சாலை என்று ஸீலண்ட் ஊர்ப் பிள்ளைகளை எங்கெங்கோ கூட்டிப் போயிருக்கிறாள். அவர்கள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். அது வேலை, அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை போஸ்ட்மா குடும்பம் மணல்மேட்டுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று கேட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தேவாலயம் இரண்டு வேளை, ஏரியில் கால் நனைத்தால்கூட ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மேட்டின் உச்சியில் நின்றால் மிச்சிகன் ஏரி கண்ணுக்கு எட்டியவரை நீலமாகக் கிடக்கும். அங்கிருந்து தண்ணீர்வரை ஒரே சரிவு, ஒரே மணல். இறங்குவது விளையாட்டு, ஏறுவதுதான் உயிரை வாங்கும். இறங்குகிறவர்கள் தங்கள் காலை நம்பித்தான் ஏறவேண்டும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதை ஒழுங்காகப் படித்துவிட்டு இறங்கி ஓடுவார்கள்.

அலீடா மட்டும் ஒருமுறைகூட இறங்கியதில்லை. கல்யாணமான வருடம் வயிற்றில் பிள்ளை, அதனால் உச்சியில் பைகளோடு உட்காரவைத்தார்கள். அடுத்த வருடம் மடியில் பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து வேலை கிடைத்து வேற்றூருக்கும் போய்விட்டான், அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். போஸ்ட்மா வீட்டில் சாப்பாட்டுப் பெட்டியைத் தனியாக விட்டுப் போகிற வழக்கம் கிடையாது. கடல்புறாக்கள் கொத்திவிடுமாம். ஏரியில் கடல்புறாவுக்கு என்ன வேலை என்று அந்தப் பறவைகளைத்தான் கேட்க வேண்டும்.

மற்றவர்கள் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க மேலே வருவார்கள். தண்ணீர் எப்படி இருந்தது என்று அலீடா ஆசையாகக் கேட்பாள். சில்லென்று இருந்தது என்பார்கள், உடனே ஹாம் இறைச்சி வைத்த பன்னுக்குக் கையை நீட்டுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஏரியைப் பற்றி அவளுக்குக் கிடைத்த சேதி அவ்வளவுதான்.

இந்த வருடம் புதிதாக ஒருத்தி வந்தாள். கணவன் கோர்டனின் தம்பி டெரிக்குக்கு வாழ்க்கைப்பட்ட மரிஸா. கைக்குழந்தைக்காரி, ஒஹாயோக்காரி. அந்தப் பக்கத்து மாநிலத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்குக் கேலி பேச நாக்கு அரிக்கும். மணல்மேடு எங்கே இருக்கிறது என்று வண்டியில் அவள் கேட்க, கோர்டன் இங்கே எல்லாரும் செய்வதுபோலக் கையை விரித்துக் காட்டினான். எங்கள் மிச்சிகன் மாநிலம் கை வடிவம். உள்ளங்கை ஓரத்தைத் தொட்டு இது ஸீலண்ட் என்றான், சுண்டுவிரல் நுனியைத் தொட்டு இது மணல்மேடு என்றான்.

"அப்ப ஒஹாயோ எந்த விரலு?" என்றாள் மரிஸா.

"அதுக்குக் கால்ல பாக்கணும்."

மரிஸாவே எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். ஓரகத்தியை அலீடாவுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

உச்சிக்கு வந்ததும் கோர்டன் பெட்டியை இறக்கிவைத்தான். "இந்த வருஷம் உனக்கு ஜோடி கெடைச்சாச்சு அலீடா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க" என்று சட்டையைக் கழற்றினான். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கும் இறங்க ஆசை இருக்கும் என்பதே அவன் புத்தியில் உறைத்ததில்லை.

மரிஸா குழந்தையோடு மணலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தாள். இன்றைக்கும் இறங்காவிட்டால் இனி என்றைக்கும் இல்லை என்று அலீடாவுக்குத் தோன்றியது. காவலுக்கு இரண்டு பேர் என்று ஆகிவிட்டால் அது சட்டமாகிவிடும். அந்தத் தண்ணீரை அவள் ஒரு தடவையாவது தொட்டே ஆகவேண்டும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கண்ணாடியில் பார்க்கிற அந்தப் பார்வை பார்த்தாள்.

"பிள்ளையையும் பெட்டியையும் பாத்துக்குங்க. நாங்க தண்ணிக்குப் போறோம்."

கோர்டன் முழித்தான். "ஒன் முட்டிய வச்சிக்கிட்டுத் திரும்பி ஏறிருவியா?"

"ஏற முடியலன்னா அங்கயே இருந்துக்கறேன். பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் நாளு இருக்கு."

குழந்தையை டெரிக்கின் கையில் திணித்துவிட்டு மரிஸா எழுந்தாள். "வாங்கக்கா, மனசு மாறிடப் போறாங்க" என்றாள்.

ஓடினார்கள். நாலாவது எட்டிலேயே கால் அலீடாவின் பேச்சைக் கேட்கவில்லை. மணல் தானாக இழுத்துக்கொண்டு போனது. தொப்பி பறந்தது. தன்னை அறியாமல் கத்திக்கொண்டே போனாள், போட்ட துணியோடு இடுப்பளவு தண்ணீரில் போய்த்தான் நின்றாள். மரிஸா பக்கத்தில் தொபுக்கென்று விழுந்தாள். இருவரும் பைத்தியம் பிடித்தவர்கள்போலச் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் டெரிக் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வருகிறான். அவன் பின்னால் கோர்டன், சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி.

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"மேலதான் யாரும் இல்லையே. தனியா விட்டுட்டா வர முடியும்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னான். அதை இனி யார் மேலே தூக்கிப் போவது என்று மரிஸா கேட்டதும் கோர்டன் சரிவை அண்ணாந்து பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

பாரத்தைக் குறைக்கவேண்டும் என்று பன், ஊறுகாய் வெள்ளரி, தர்ப்பூசணி எல்லாவற்றையும் ஈர மணலில் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். தண்ணீர் ஓரத்தில் போஸ்ட்மா குடும்பம் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. குழந்தையின் பாதத்தை அலை தொட்டதும் அது மிரண்டு பார்த்துவிட்டுச் சிரித்தது.

ஏறுவது சொன்னபடியே உயிரை வாங்கியது. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. பாதி வழியில் கோர்டன் தக்காளிப் பழமாகச் சிவந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிரசங்கம் முடியும்வரை வாயில் அடக்கிக்கொள்ள எங்கள் பெண்கள் புதினா மிட்டாய் வைத்திருப்பார்கள். அலீடா ஒன்றை அவன் வாயில் போட்டாள், பெட்டியின் வாரைத் தன் தோளில் மாட்டினாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. கையை ஊன்றி, நாலு காலால், விட்டேனா பார் என்று ஏறினாள். எல்லாருக்கும் முன்னால் உச்சிக்கு வந்தது அவள்தான். அங்கே நின்றதும் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதாள்.

வழக்கமான இடத்தில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கடைசியாகக் கோர்டன் வந்து மணலில் குப்புற விழுந்தான். மூச்சு திரும்பியதும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"தண்ணி எப்படி இருந்துச்சு அலீடா?"

சில்லென்று இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது போதவில்லை. உள்ளங்காலில் கல் உருண்டதைச் சொன்னாள். கரையோரம் பச்சையாக இருந்த தண்ணீர் கொஞ்சம் தள்ளி நீலமாக மாறிய இடத்தைச் சொன்னாள். வண்டியில் ஏறியும் சொல்லிக்கொண்டே வந்தாள். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் முடிகிற கட்டம். கோர்டன் அதை அணைத்துவிட்டான். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அவள் பேச்சில் இன்னும் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.