மாலத்தீவில் இருக்கும் என் மருமகளுக்கு

மருமகள் மூன்று பிள்ளைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. மகனையும் அவளையும் ஒரு வாரம் மாலத்தீவுக்குச் சுற்றுலா அனுப்பிவைத்ததே நான்தான்.

இன்று மக்ரூன் வாங்கப் போன பேக்கரியில் பக்கத்து வீட்டு ரோஸி கேட்டாள்:
"என்ன மாமி, இந்த வயசுல ஆயா வேலையா பாக்கீய?"

"ஆமா. ஒனக்கும் போவணும்னா சொல்லு ஏளா, ஒம் பிள்ளைகளையும் சேத்துப் பாக்கேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்தால், போனில் மருமகள் அழுகிறாள். யாரோ தெருப்பேச்சை அவளிடம் சொல்லிவிட்டார்கள்.
"மாமி, நாங்க நாளைக்கே திரும்பி வந்திருதோம்."

நாற்பது வருடத்தில் நானும் என் கணவரும் பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போன ஒரே இடம் ஆஸ்பத்திரி.

மருமகளே ஸ்டெல்லா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரமாட்டோம் என்று இந்த ஃபேஸ்புக் பதிவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்கும்படி, எழுத்தில் பதில் போடு.