ரீவைண்ட் செய்து வந்த ஒரே கேசட்

வீடியோ லைப்ரரி நடத்துகிறவன் படம் பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கொடுத்த கேசட்டை ரீவைண்ட் செய்துகொண்டிருப்பான். எண்பதுகளில் தாராவியில் ஐந்து வருஷம் நான் செய்தது அந்த வேலைதான். ‘கேசட்டை ரீவைண்ட் செய்து தரவும்’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தேன். இதே தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த போர்டுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதியில் நின்ற படங்கள்

ரீவைண்ட் செய்யாமல் வரும் கேசட்டை டெக்கில் போட்டு ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். என்ன படம் என்று தெரிந்தால்தான் சரியான உறையில் போட முடியும். வெயிலில் லேபிள்கள் எல்லாம் உரிந்து, கேசட்டுகள் ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும். இப்படி ஓட்டிப் பார்த்தே எந்த வீட்டில் எந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து ஆவது ஒன்றுமில்லை, ஆனாலும் தெரியும்.

மாட்டுங்காவில் ஒரு ரிட்டயர்டு ரயில்வே அதிகாரி, ராமசேஷன் மாமா. சொந்தமாக டெக் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் கேசட் கொண்டுபோய்க் கொடுப்பேன். எந்தப் படமானாலும் முடிவுக்குக் கால் மணி முன்னால் நின்றிருக்கும். ‘கடைசிக் கட்டம் நல்லாயிருக்குமே, ஏன் பார்ப்பதில்லை?’ என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மாமா உள்ளே மாமி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“யாராவது சாகற இடம் வந்தா அவளுக்குத் தாங்காதுப்பா. அதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன். அவளைப் பொறுத்தவரைக்கும் எல்லாப் படத்துலயும் எல்லாரும் சௌக்கியமா இருக்கா.”

படம் வேண்டாம், டெக் போதும்

தாராவியில் ஒரு வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தால் அந்தச் சந்தே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஜைனம்பு அக்கா மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். பக்கத்து வீட்டு இசக்கியம்மாவுக்கு மட்டும் அனுமதி உண்டு. அக்காவின் கணவர் காதர் அண்ணன் தோல்பைப் பட்டறையில் வேலை பார்த்து, பிறகு சவுதிக்குப் போனவர். மூன்று வருஷமாக ஊர் திரும்பவில்லை. கடைசிப் பெண் பிறந்ததே அவர் போன பிறகுதான்.

லீவில் வந்த யாரோ ஒருவரிடம் அண்ணன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று மணி நேரக் கேசட். கூட வேலை செய்கிறவரின் காமிராவில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க எடுத்தது. அண்ணன் சமைக்கிறார், துணி காயப்போடுகிறார், அறைக்காரர்களைக் கேலி செய்கிறார், நடுநடுவே மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதினைந்து நாளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுப் பார்க்க அக்கா என்னிடம் டெக் எடுப்பார். முதல் தடவை நான் வயரை மாட்டி, அண்ணன் முகம் டிவியில் வந்ததும், அக்கா சட்டென்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டார்:

“நிப்பாட்டுறதையும் ரீவைண்டு பண்ணுறதையும் மட்டும் நல்லாச் சொல்லிக்குடுத்துட்டுப் போ தம்பி. மத்த பட்டனெல்லாம் எனக்கு வேண்டாம்.”

என் போர்டை மதித்த ஒரே ஆள் அவர்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

செலோடேப்

படம் பதிவு செய்த கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. உடைத்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும். புதுக் கேசட் விற்ற விலைக்கு, யாரும் கேட்காத பழைய படத்துக்கெல்லாம் செலோடேப் ஒட்டிப் புதுப் படம் ஏற்றுவது எங்கள் வழக்கம். நியாயமான வழக்கம் என்று நான் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கேசட்டை ரீவைண்ட் செய்து முடித்த சமயத்தில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாமல் டெக் கேசட்டைக் கக்காது. அடுத்து வாடகைக்குக் கேட்டிருந்தவன் அவசரப்படுத்தியதால் நான் நேரத்துக்கு முன்பே போய் டெக்கைத் தூக்கிவந்துவிட்டேன். கரண்ட் வராததால் அவனும் எடுக்காமல் போய்விட்டான். சாயங்காலம் வேறு இரண்டு டெக்குகளும் திரும்பி வந்தன. மூன்றையும் சேர்த்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் ஒன்றிலிருந்து ஒரு கேசட் வந்தது. லேபிள் இல்லை, பிளாஸ்டிக் துண்டு உடைந்திருந்தது, முழுதும் ரீவைண்ட் ஆகியிருந்தது. ரீவைண்ட் ஆகாமல் இருந்திருந்தால் வழக்கம்போல் ஓட்டிப் பார்த்திருப்பேன். கடையிலோ மெட்ராஸிலிருந்து வந்த புதுப் படத்தின் மாஸ்டர் கேசட் பிரதியெடுக்கக் காத்திருந்தது. மதியத்துக்குள் அது குர்லாவில் இன்னொரு கடைக்குப் போயாக வேண்டும். எங்கள் பழைய படம் ஏதோ ஒன்று என்று நினைத்துச் செலோடேப்பை ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். வீட்டில் வெறும் உறைதான் இருக்கிறது, கேசட் டெக்குக்குள் இருந்ததா என்று கேட்டார். ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே “எங்க கேசட்டுதான் இருந்துச்சுக்கா” என்றேன். அவர் படியிறங்கிக்கொண்டே சொன்னார்:

“அப்போ வீட்டுலதான் எங்கயோ கெடக்கும். தேடிப் பாக்கேன் தம்பி.”

இசக்கியம்மா சொன்னது

அக்கா தேடினார். அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்ததாகப் பிறகு தெரிந்தது. வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் ஒரே ஒருத்திதான். வாய்விட்டு எதுவும் சொல்லாவிட்டாலும், இசக்கியம்மாவைக் கண்டால் அக்கா கதவைச் சாத்த ஆரம்பித்தார். எட்டு வருஷமாகக் குழம்புக் கிண்ணம் போய்வந்துகொண்டிருந்த இரண்டு வீடுகள் அவை. இசக்கியம்மா கடைக்கு வந்து, என்னிடம் நியாயம் கேட்பதுபோலக் கேட்டாள்:

“எங்க வீட்டுல டிவியும் இல்ல, டெக்கும் இல்ல. அடுத்தவ புருசன் பேசுற கேசட்டை எடுத்து நான் என்ன செய்யப்போறேன், நீங்களே சொல்லுங்கண்ணே.”

மாட்டுங்காவில் ஒரு விருந்தாளி

சனிக்கிழமை ராமசேஷன் மாமாவுக்கு அந்தப் புதுப் படத்தைக் கொடுத்தேன். முழுக்கச் சிரிப்புப் படம், கடைசியில் யாரும் சாகவில்லை என்று உத்தரவாதமும் கொடுத்தேன். அவர்கள் ஒரு படத்தைக் கடைசிவரை ஓடவிட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் மாமாவே கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தாராவிக்கு நடந்து வந்துவிட்டார்.

“வணக்கம் போட்டாச்சு. அப்புறமும் நாடா ஓடிண்டே இருக்கு. பார்த்தா, ஒருத்தர் கட்டில்ல உக்காந்துண்டு அழறார். யாருப்பா அவர்? நேத்திலேருந்து ஆத்துல அவ சாப்பிடலை.”

மிச்சம் பத்து நிமிஷம்

போட்டுப் பார்த்தேன். காதர் அண்ணன்தான். புதுப் படம் எட்டாமல் கடைசிப் பத்து நிமிஷம் தப்பியிருந்தது. மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடியாமல் லுங்கி முனையால் முகத்தை மூடிக்கொள்கிறார். காமிராவை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். எடுத்தவர் அணைக்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், சந்து கூடும் என்று தயாராகத்தான் போனேன். அவர் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய் இசக்கியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“அந்த எடம் வரதுக்கு முன்னால நிப்பாட்டிருவேன் தம்பி. அதுக்குத்தான் ரீவைண்டு படிச்சேன். சிரிச்சது பூராத்தையும் அழிச்சிட்டு, புள்ளைகளுக்குக் காட்டாத எடத்தை மட்டும் வச்சிருக்கியே.”

எழுதாத கடிதம்

அண்ணனுக்கு எழுதுங்கள், இன்னொரு கேசட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், புதுக் கேசட் நானே வாங்கித் தருகிறேன், உங்களுக்கு இனி டெக் இனாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசிப் பெண் உறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அக்கா அதை அவள் கையிலிருந்து வாங்கி, நான் கொண்டுவந்த கேசட்டை உள்ளே போட்டு மூடினார். கோபமே இல்லாமல் கேட்டார்:

“அந்த மனுசனை இன்னொரு தடவை அவ்வளவு நேரம் சிரிக்கச் சொல்லி நான் எப்படி தம்பி எழுதுவேன்?”

அன்றைக்கே கடைக்குப் போய் அந்த போர்டைக் கழற்றிவிட்டேன். கேசட்டை எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயே விட்டுக் கொடுங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்த வீடியோக்காரன் பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.