அவர் நன்றாகிவிட்டார் என்று நினைத்தபோது

அந்த மழைக்காலம் முழுவதும் என் கணவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய எந்திரத்தை இயக்குவது அவர் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் உடுப்பைக்கூட மாற்ற மாட்டார். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மாறி மாறி வரும் ஷிஃப்ட்தான் உடம்பைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பகலில் ஆள் தூங்காத வீடு கிடையாது. அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

"எதுக்கு இருக்கோம்னே தெரியல" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகுதான் பயந்துபோய் மந்தாரக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தை பிறந்து சில நாட்களில் அவர் எழுந்துவிட்டார். சவரம் செய்துகொண்டு, சமையலறைக்கு வந்து, நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வாங்கித் தானே அரிந்தார். பாடினார். தெற்கே இருக்கும் என் அம்மாவுக்கு போன் போட்டு, "அவரு நல்லாயிட்டாரும்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கொத்தி பலாக்கன்று வைத்தார். பிறகு இன்னும் கன்றுகள் வந்தன. நடக்க இடமில்லாமல் போனது. நெய்வேலி முழுக்கப் பலா வைக்கப் போகிறேன், பெரிய அதிகாரிகளைப் பார்த்துப் பேசப் போகிறேன் என்றார். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவினார். தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. குறுக்கே ஏதாவது கேட்டால் கண் சிவந்துவிடும். பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கிப் போட்டபோது அந்த வீட்டு அம்மாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். இத்தனைக்கும் அவர் நன்றாகிவிட்டார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஷிஃப்ட் பாதியிலேயே அவருடைய கூட்டாளி பைக்கில் அவரைக் கொண்டுவந்து விட்டார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணி, பஸ்ல ஏறுனதுலருந்து பேசிகினே வராருங்க. மிஷின்ல ஏறி, மண்ணு போற பெல்ட்ட நிறுத்தாதீங்க, தனியா நானே எல்லாத்தையும் ஓட்டுறேன்னு சண்டை. நாலு பேரு சேந்துதான் எறக்குனோம். வெளிய தெரியறதுக்குள்ள யாருட்டயாவது காட்டுங்க."

கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டினார்.

"படுத்துக் கெடந்தப்ப கூட்டிகினு போன, சரி. இப்பதான் நான் நல்லா இருக்கேன். இதுகூட உனக்குப் பொறுக்கலையா?"

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

அந்த மருத்துவர் என்னிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்காராம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். கல்யாணமான புதிதில், ஊர்க் கோயிலுக்குத் தானே கும்பாபிஷேகம் செய்யப் போவதாகக் குள்ளஞ்சாவடிப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அலைந்தார். "அவனுக்கு அப்பப்ப வேகம் வரும்" என்று மாமியார் சிரித்தார். அந்த வேகம் அடங்கிய பிறகு வெகுநாள் யாரோடும் பேசாமல் இருந்தார். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. மந்தாரக்குப்பத்து டாக்டரையும் குறை சொல்ல முடியாது. படுத்துக் கிடந்ததை மட்டும்தானே சொன்னேன்.

"ரெண்டும் ஒரே நோய்தாம்மா. இருமுனைக் கோளாறுன்னு சொல்லுவோம்" என்றார் மருத்துவர். "சோர்ந்து கெடந்தா வூட்டுல கூட்டிகிட்டு வருவாங்க. சந்தோஷமா இருந்தா யாரும் கூட்டிகிட்டு வர மாட்டாங்க."

சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாத்திரைகள் மாறின. அந்த மாத்திரைகளால் கை லேசாக நடுங்கியது, உடம்பு போட்டது. இப்போது அவருக்குப் பகலில் மட்டும் இருக்கும் ஜெனரல் ஷிஃப்ட்டில் ஸ்டோர் வேலை. பெரிய எந்திரத்தில் ஏற அனுமதி இல்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் டிவியில் ஏதோ பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றார். "பயப்படாத."