எல்லாம் மாட்டுக்குத்தான்

என் வீட்டுக்காரரின் அன்பைப் பெற வேண்டுமென்றால் மாடாகப் பிறந்திருக்க வேண்டும். எரிச்சலில் சொல்ல ஆரம்பித்த இந்த வார்த்தை, சொல்லிச் சொல்லி ஊருக்கே பழகிவிட்டது. வாழவந்திக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் எங்கள் வீடு. ஒரே ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, அவர், நான். பிள்ளைகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பக்கத்து வீடு அவருடைய அக்கா வீடு; எனக்கு அவர் அண்ணி. இரண்டுக்கும் நடுவே காப்பி காயப்போடும் களம் மட்டும்தான் என்பதால், இங்கே நான் தும்மினால் அண்ணி அங்கிருந்து "நூறு ஆயுசு" என்பார்.

போன மழைக்காலத்தில் என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பால் கறந்து எழுந்தால் விரல்கள் இருக்கிற இடமே தெரியாது. தம்ளரைப் பிடித்தால் நழுவும். சேலத்து டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு அழுந்தியிருக்கிறது, கையால் பால் கறக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார். ஏற்காட்டு மலையில் குடியிருந்துகொண்டு அது எப்படி முடியும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பஸ்ஸில் மலை ஏறி வரும்வரை வாயே திறக்கவில்லை. கடைசிக் கொண்டை ஊசி வளைவில்தான் பேசினார்.

"மொளகு இந்த வருசம் நல்லாப் புடிச்சிருக்குது அம்மிணி" என்றார்.

கை வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு வார்த்தை, உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்? எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினேன், குளிர்ந்த தண்ணீரிலேயே.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, கூச்சக்காரர். நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது என் இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கி மேட்டில் தூக்கிக்கொண்டு வந்தார். அதை அண்ணி பார்த்துவிட்டார். பிள்ளை பிறந்து நடக்கும்வரை ஊரே அவரைக் 'குடத்துக்காரர்' என்றுதான் கூப்பிட்டது. எங்கள் பக்கம் ஆம்பளை மாட்டுக்கு எதைச் செய்தாலும் நல்ல விவசாயி என்று பேர் வாங்குவான். பெண்டாட்டிக்குச் செய்தால் கிடைக்கும் பேரே வேறு.

காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியபோது, ஒரு நாள் ஜீப்பில் பால் கறக்கும் மிஷின் வந்து இறங்கியது. தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் ஒரு மோட்டார் பம்பு, ஒரு எவர்சில்வர் கேன், அதிலிருந்து குழாய்கள், குழாய் முனையில் நான்கு கப். மிஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த பிட்டர், காம்புக்கு மாட்டும் கப்புக்குள் கட்டை விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் விட்டுப் பார்த்தார், என்னையும் விடச் சொன்னார். கன்றுக்குட்டி சப்புவது போலவே இருந்தது. எவ்வளவு நேரத்தில் பால் கறக்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

"ஏனுங்க, இந்தக் கப்பை இடது கையில தூக்கி மாட்ட முடியுங்களா?" என்றுதான் கேட்டார்.

என் புத்தி அப்போது எங்கே மேய்ந்துகொண்டிருந்ததோ, எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி வந்து, மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஒத்த மாட்டுக்கு மிஷினா சாமி? அடுத்தது அதுக்கு ஒரு செல்போனு வாங்கிக் குடுத்துரு."

"கையில கறந்தா மாட்டுக்கு மடி நோவு வருதாமாக்கா" என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பிட்டர் நல்ல வியாபாரி. மாட்டுக்குச் சுகமாக இருக்கும் என்று, கொட்டகைக் கூரையில் மாட்டும் பெரிய மின்விசிறியும் பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் குழாயும் இருப்பதாகச் சொன்னார். அப்போது எங்களைச் சுற்றி மூடுபனி இறங்கி, மாட்டின் பின்பாதி தெரியவில்லை. அண்ணி சேலை முந்தானையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நம்மூர்ல மாட்டை வெளிய கட்டினாலே போதுங்க தம்பி" என்றார். பிட்டர் விசிறியை விட்டுவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தார்.

முதல் நாள் மாடு மிஷினை உதைத்தது. அடுத்த சில நாட்களில் அதன் 'டக் டக்' சத்தத்துக்குத் தலையாட்டப் பழகி, பிறகு சத்தம் கேட்டால்தான் பால் விடுவேன் என்று அடம்பிடித்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மாடு படுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு, 'மேட்டு' என்பார்கள், வந்தது. அதில் ஒரு துண்டு, நான் உட்கார்ந்து கப் மாட்டும் இடத்தில் விரிக்கப்பட்டது. மாடு நகர்ந்தால் வழுக்கக் கூடாதாம். மடியைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டுமென்று பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பி வந்தது. மாடு இருட்டில் பயப்படுகிறதாம், ஆகவே கொட்டகைக்குப் போகும் வழி முழுக்க விளக்கு. கடைசியாக, நான் தினமும் கையால் தேய்த்துவிட்ட முதுகுக்கு, மாடு உரசினால் தானாகச் சுற்றிச் சொறியும் பிரஷ். அந்த பிரஷ்ஷுக்குக் கீழே கண்ணைச் செருகிக்கொண்டு நிற்கும் மாட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், ஒரு மாட்டின் மேல் பொறாமைப்பட்டேன். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த ரப்பர் மேட்டில் படுத்துப் பார்த்தேன். என் பாயைவிட எவ்வளவோ மேல். மாடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தை மாதம் மாடு நிறைசினை. பாலை வற்றவிட்டோம். இனி கன்று போடும்வரை கறவை இல்லை, மடி கழுவும் வேலையும் இல்லை. மறுநாள் காலை நான் சாணி அள்ளப் போனால், கொட்டகையில் பக்கெட் நிறையச் சுடுதண்ணீர் ஆவி பறக்க நின்றது.

"ஏனுங்க, மாடுதான் வத்திப் போச்சே. சுடுதண்ணி யாருக்குங்க?"

"மாட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

நான் பக்கெட்டைப் பார்த்தேன், வழி விளக்கைப் பார்த்தேன், நான் உட்காரும் மேட்டுத் துண்டைப் பார்த்தேன். இடது கையால் தூக்கி மாட்ட முடியுமா என்று அன்று பிட்டரிடம் கேட்டதன் அர்த்தமும் அப்போதுதான் உறைத்தது. அட திருட்டு மனுசா என்று வாய்விட்டுச் சிரித்தேன். கையைச் சுடுதண்ணீரில் முழங்கைவரை விட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குக் குறும்பு ஏறிவிட்டது. "மாடு காதுல குளிர் ஏறுதுங்குது" என்றேன். சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து கம்பளிக் குல்லா வந்தது. "மாட்டுக்குச் சின்னதாப் போச்சு. வீணாக்காம நீயே போட்டுக்க" என்றார். இன்னொரு நாள், மாட்டுக்கு வாய் நமநமவென்று இருக்கிறதாம் என்றேன். பொட்டலத்தில் சூடாக வெங்காயப் பக்கோடா வந்தது. "மாடு இதைத் திங்கலாமான்னு தெரியல. நீ தின்னு பாத்துச் சொல்லு" என்றார். மாட்டுக்கு ஆகாது என்று முழுப் பொட்டலத்தையும் தின்றுவிட்டுச் சொன்னேன்.

ஆனால் பக்கோடா தீர்ந்ததும் மனசு பழைய இடத்துக்கே போய் நின்றது. இவ்வளவு செய்கிறவர் ஏன் ஒரு தடவை, நாலு பேர் காதில் விழ, இது என் பெண்டாட்டிக்கு என்று சொல்லக் கூடாது? நான் என்ன திருட்டுச் சாமானா?

அந்த வாரமே அண்ணி வீட்டு மாடு கன்று போட்டது. நாங்கள் எல்லாரும் களத்தில் காப்பி கிளறிக்கொண்டிருந்தோம். அண்ணியின் வீட்டுக்காரரும் இருந்தார், மூட்டை ஏற்ற வந்த ஜீப்காரரும் இருந்தார். அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்து தம்பியிடம் கேட்டார்.

"உன்ற மாடு சும்மாதான கெடக்குது சாமி. மிஷின், மேட்டு, ஹீட்டர் கம்பி எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்குக் குடு. எனக்குக் குத்தவெச்சு எந்திரிக்கவே முடியல."

நியாயமான கேள்விதான். மறுக்க ஒரு காரணமும் இல்லை, ஒன்றைத் தவிர. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இப்போதும் இவர் பேசாமல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தால், அவையெல்லாம் மாட்டுக்கே என்று ஆகிவிடும். பிறகு அந்த ஒரு வார்த்தையை நான் எந்த ஜென்மத்திலும் அவர் வாயிலிருந்து கேட்கப் போவதில்லை.

"மிஷின எடுத்துக்கங்கக்கா, மேட்டையும் எடுத்துக்கங்க" என்றார். "ஹீட்டர் மட்டும் இருக்கட்டும்."

"அது எதுக்கு? மாட்டுலதான் பால் இல்லியே?"

"அது மாட்டுக்கு இல்லீங்கக்கா."

"பின்ன யாருக்கு?"

காப்பி கிளறும் பலகையை இரண்டு தடவை முன்னும் பின்னும் இழுத்தார். காது சிவந்துவிட்டது. "அவளுக்குக் கை மரத்துப் போவுது. பச்சத் தண்ணி ஆவாது. எல்லாமே அவளுக்குன்னுதான் வாங்கினேன்."

ஜீப்காரர் முதலில் சிரித்தார், பிறகு அண்ணியின் வீட்டுக்காரர். அண்ணி சிரித்த சிரிப்பு நாகலூர் வரை கேட்டிருக்கும். மாட்டைச் சொல்லி ஊரையே ஏமாற்றிய தம்பியை என்னென்னவோ சொல்லி ஓட்டினார். இவர் குனிந்த தலை நிமிராமல் காப்பியைக் கிளறிக்கொண்டே இருந்தார். நான் கிளறிய காப்பியையே திரும்பத் திரும்பக் கிளறினேன். சந்தோஷத்தில்தான்.

சிரித்துக்கொண்டிருந்த அண்ணி திடீரென்று நின்று, தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நம்மூட்டு மாட்டுக்கு எங்க வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"நம்ம மாட்டுக்கு என்ன? நல்லாத்தான நிக்குது?" என்றார் அவர், இன்னும் சிரித்துக்கொண்டே.

அண்ணி முழங்காலைத் தடவிக்கொண்டு, எங்கள் கொட்டகையிலிருந்து மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நான் கொட்டகைக்குள் போய் ஹீட்டர் கம்பியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு களத்தைத் தாண்டி ஓடினேன்.

"இதையும் வெச்சுக்கங்க அண்ணி. முட்டிக்கு ஒத்தடம் குடுங்க" என்று அவர் கையில் வைத்தேன். "எனக்கு வேண்டியது கெடச்சிருச்சுங்க."