இரண்டாவது ஞாயிறு

ஒன்பது வருடம் நான் நடத்திய உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதுப் பயிற்றுநர் வந்தபோது, கந்தளாயில் வயல் பார்த்து வளர்ந்த ஆளுக்குக் கடற்கரைப் பெடியன்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். வீட்டில்தான் கேட்டேன். தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தோம். நிர்வாகத்தில் வாய் திறக்க எனக்கு முகமில்லை. என்னை உதவிப் பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள்.

வந்தவர் கத்தவே இல்லை. கடலால் வந்து நேரே மைதானத்துக்கு வரும் பெடியன்களிடம், "சாப்பிட்டியளோ?" என்றுதான் முதலில் கேட்பார். நான் பிந்தி வருபவனை மூன்று சுற்று ஓடவிட்டவன். அவர் நான்கு ஆட்டம் வென்றார். என் மனைவிகூட, "தனிய இருக்கிற மனிசன், பாவம்," என்று புட்டும் மீன்குழம்பும் கட்டி, அதை என் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். சாப்பிட்டது அவர், வயிறு எரிந்தது எனக்கு.

கடைசி ஆட்டத்தில் தோற்காவிட்டால் தப்பலாம். இரண்டு ஞாயிறுகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிப் போட்டி நடத்துபவர்கள் கேட்டிருந்தார்கள்.

"அண்ணை, ரெண்டாவது ஞாயிறை எடுப்பம். அண்டைக்கு ஊரில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. அம்மன் கோயில் தீமிதிப்பு. நேர்த்தி வைத்தவர்கள் மூன்று நாளுக்கு முன்பே காப்புக் கட்டிக் கோயிலோடு தங்கிவிடுவார்கள். தீ மிதிக்கும்வரை வெளியே கால் வைக்க மாட்டார்கள். எங்கள் ஆட்டக்காரர்களில் ஐந்து பேருக்கு அந்த வருடம் நேர்த்தி. அதைப் பார்த்து ஆட்டத் திகதியை மாற்றுவிப்பது எப்போதும் என் வேலை.

"ஒண்டும் இல்லை," என்றேன்.

திகதி தெரிந்ததும் ஐந்து பேரும் என்னிடம் வந்தார்கள். "அண்ணை, அண்டைக்குத் தீமிதிப்பெல்லோ?"

"நீங்கள் போய்க் காப்பைக் கட்டுங்கோ. நான் மாத்துவிக்கிறன்."

ஆட்டத்துக்கு முன் மூன்று நாள் ஓய்வு கொடுப்பது அவர் வழக்கம். ஆகவே ஞாயிறன்று மைதானத்தில் வைத்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. இருந்தவர்களை வைத்து ஆடினோம். ஆறு கோல் வாங்கினோம். கீழ்ப் பிரிவுக்குப் போனோம்.

மறுநாள் நிர்வாகக் கூட்டத்தில் கழகத் தலைவர் என்னைத்தான் பார்த்தார். "தீமிதிப்பு உங்களுக்குத் தெரியும்தானே. ஏன் இவருக்குச் சொல்லேல்லை?"



"அண்ணையிட்ட நான் கேக்கேல்லை. என்ர பிழை," என்றார் அவர். என் பக்கம் திரும்பவும் இல்லை.

அந்தக் கிழமையே அவர் கந்தளாய்க்குப் பஸ் ஏறிவிட்டார். கழகம் திரும்ப என் கைக்கு வந்தது. ஐந்து பேரும் பயிற்சிக்கு வந்தார்கள், சொன்னதைச் செய்தார்கள். ஒருவனும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் 'கேக்கேல்லை' என்ற அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கும் எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.